பல்லுக்காரர் அறைக்கு ஒரு விளக்கு

1

இந்தக் கதை என் முன்பல் உடைந்ததிலிருந்து தொடங்குகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது நான் வாயைப் பொத்திக்கொண்டு பேசும்போது நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

பகலில் நான் ஒரு கூரியர் அலுவலகத்தில் பொட்டலங்களுக்கு முகவரி ஒட்டுகிறேன். மாலையில் எழுத்து வகுப்புக்குப் போகிறேன். தினமும் நாட்குறிப்பு எழுதுவேன்: வானிலை, சாப்பிட்டது, சாப்பிடாமல் விட்டது என்று வரிசை பிசகாமல். கதைதான் வராது. வகுப்பில் ஒரு கதை எழுதிவரச் சொன்னார்கள். முதல் வரிக்காகப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வரி வரவில்லை. ஏற்கெனவே அடைத்துவைத்திருந்த முன்பல் மூடியோடு வந்துவிட்டது.

பல் மருத்துவர் வேரைச் சரிசெய்துவிட்டு, "முன்பல்லாச்சே, நிறம் ஒத்துப்போகணும். பல்லு செய்யறவர்கிட்டயே நேரா போய் உக்காருங்க, அவர் கண்ணால பாத்துச் செய்யட்டும்" என்று ஒரு பழைய கட்டடத்துக்கு அனுப்பினார். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். மூன்றாம் மாடியில் நான் போய்ச் சேர்ந்தபோது ஒரே சண்டை. சண்டை விளக்கைப் பற்றி.

பல்லுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "இப்ப வேணாம், இந்த லைட்டு விவகாரம் முடியட்டும்" என்றார். நான் நடைக்கூடத்தில் ஓர் ஏணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏணிக்குச் சொந்தக்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டே எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். அன்றும் சொன்னார், அடுத்த முறை போனபோதும் சொன்னார். பேசுவதென்றால் அவருக்கு வெல்லம்.

அவர் சொன்னதுதான் கதை. சொல்லாத இடங்களை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன். மாட்டிக்கொள்ளும் இடங்களில் ஒப்புக்கொள்வேன்.

2

தொடக்கம் அ: "இறந்துகொண்டிருக்கும் டியூப்லைட் ஒன்று தன் கடைசி மூச்சை—"

(போதும். டியூப்லைட்டுக்கு மூச்சு கிடையாது.)

தொடக்கம் ஆ: "வணிகக் கட்டடங்களில் பழைய விளக்குகளை மாற்றினால் மின்சாரமும் பணமும் கணிசமாக மிச்சமாகும் என்பது யாவரும் அறிந்ததே."

(வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரர் பகலில் பஸ் ஓட்டுபவர். இதைக் கேட்டதும், "தம்பி இதை வண்டி ஓட்டறப்ப படிச்சுக் காட்டிடாதீங்க, பயணிங்க உசுரு முக்கியம்" என்றார்.)

தொடக்கம் இ: "அந்தக் கட்டடத்தில் அவளை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்."

இது பரவாயில்லை. இதில் ஓர் ஆள் இருக்கிறாள்.

3

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வெளிச்சத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்று அவள் கழுத்தில் எப்போதும் தொங்கும். எந்த அறைக்குள் போனாலும் முதலில் அதை மேசைமேல் வைத்து எண்ணைப் பார்ப்பாள். பிறகுதான் நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்ப்பாள்.

பல வருஷம் ஒரு மின்சாதனக் கம்பெனியில் வேலை பார்த்தவள். வெளியே வந்து, அண்ணனைக் (எனக்குக் கதை சொன்ன ஏணிக்காரர்தான்) கூட்டுச் சேர்த்துக்கொண்டு, தானே தொழில் தொடங்கினாள். தொழில் இதுதான்: மின்சாரத்தைத் தின்னும் பழைய விளக்குகளைக் கழற்றிவிட்டுப் புதிய எல்இடி விளக்குகளை மாட்டுவது. கட்டடக்காரர் முன்பணம் தர வேண்டாம். மிச்சமாகும் மின்கட்டணத்தில் ஒரு பங்கு அவளுக்கு. அவளுக்குக் கிடைத்த முதல் கட்டடம் இது. முதலில் ஒரு மாடியில் மட்டும் மாற்றிக் காட்டச் சொன்னார் மேனேஜர். அது சரிவந்தால் மொத்தக் கட்டடமும்.

"ஆனா ஒண்ணு," என்றார் மேனேஜர். "வாடகைக்கு இருக்கறவங்க ஒருத்தர்கூட முணுமுணுக்கக் கூடாது. முணுமுணுத்தா பழசையே திரும்ப மாட்டிக் குடுத்துட்டுப் போயிடணும். உங்க செலவுல."

"முணுமுணுக்கறது உங்க டியூப்லைட்டுதான் சார்," என்றாள் மீட்டர். உண்மைதான். அந்தக் கட்டடத்தில் எங்கே நின்றாலும் தலைக்குமேல் ஒரு ரீங்காரம் கேட்கும்.

சரிவராவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். புது விளக்குகளுக்குப் போட்ட பணம் முழுதும் அவள் தலையில் விழும். பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். "நான் சொன்னேன்ல" என்று சொல்வதற்கு அங்கே ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

[முதல் பிரதியில் அவள் வளையலை அடகு வைத்ததாக எழுதியிருந்தேன். அண்ணன் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் வளையல் போடுவாளா என்றே எனக்குத் தெரியாது. ஏணிவேலைக்கு அது இடைஞ்சல். அடித்துவிட்டேன்.]

4

மூன்றாம் மாடி மாறியது. கணக்கர் அலுவலகத்தில் ரீங்காரம் நின்றதும், இத்தனை நாள் மேசைகளுக்கு நடுவே கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள் பழக்கதோஷத்தில் இன்னும் கொஞ்ச நாள் கத்தினார்கள். கழிவறையிலும் படிக்கட்டிலும் ஆள் வந்தால் எரிந்து, ஆள் போனால் அணையும் விளக்குகள். காவலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "ராஜா மாதிரி இருக்கும்மா. நான் நடந்தா வெளிச்சமும் கூடவே நடக்குது," என்று தேவையில்லாமல் இரண்டு தடவை ஏறி இறங்கினார். மின்கட்டணம் இறங்கியது. மேனேஜரின் முகத்தில்கூட ஒருவகை வெளிச்சம்.

(மன்னிக்கவும். வெளிச்சம் என்ற சொல் இந்தக் கதையில் தானாகவே எல்லா இடத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.)

அந்த மாடியின் கோடி அறை பல்லுக்காரருடையது. மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்பவர். ஒரு மேசை, ஒரு சின்ன உலை, வரிசையாகப் பீங்கான் பொடி டப்பாக்கள். வெளுப்பிலிருந்து மங்கல் வரை நிறவாரியாக அடுக்கியிருக்கும். டப்பாக்களுக்குச் சரியாக, அதே வரிசையில் மாதிரிப் பற்களைக் கோத்த ஒரு பட்டையும் உண்டு. அதை வந்தவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, எது பொருந்துகிறது என்று பார்ப்பார். சன்னல் இருக்கிறது. திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஆகவே பட்டப்பகலிலும் டியூப்லைட்டுதான்.

நிறம் பார்க்கிற தொழில் என்பதால் அந்த அறைக்கு மட்டும் மீட்டர் விலை கூடின விளக்கு வாங்கினாள். நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டும் என்று பெயரெடுத்தது. மாட்டிய அன்று பல்லுக்காரர் அண்ணாந்து பார்த்து, "அட, பகல் மாதிரியே இருக்கே" என்றார்.

பிறகு பற்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

"ஏம்மா, உன் லைட்டு பொய் சொல்லுது."

"என்ன சார் ஆச்சு?"

"பாரு. ஒரு பாட்டு டீச்சருக்குச் செஞ்ச பல்லு. மாட்டிப் பாத்துட்டு டாக்டர் திருப்பி அனுப்பிட்டாரு. மத்த பல்லெல்லாம் ஒழுங்கா இருக்காம், இது மட்டும் சிகரெட் புடிச்ச மாதிரி இருக்காம். இதுக்கு முன்னாடி ஒண்ணு. நேத்து ஒண்ணு. எல்லாமே மங்கல். இத்தனை வருஷத்துல என் பல்லு இப்படித் திரும்பி வந்ததில்ல."

மீட்டர் கருவியை மேசைமேல் வைத்தாள். "முன்ன இருந்ததவிட வெளிச்சம் அதிகம் சார். நம்பர் நல்லா இருக்கு."

"நம்பரை வாயில மாட்டிக்கிட்டுச் சிரிக்க முடியுமா?"

நான் வந்து சேர்ந்தது இந்த வாக்கியத்தின்போதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

5

மீட்டர் அன்று இரவு தூங்கவே—

(இல்லை. இதை எழுத எனக்கு உரிமை இல்லை. நன்றாகவே தூங்கியிருக்கலாம். நான் அவள் இடத்தில் இருந்தால் தூங்கியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்.)

மறுநாள் அவள் செய்தது தெரியும். பல்லுக்காரரிடம் கெஞ்சி, மாதிரிப் பட்டையையும் திரும்பி வந்த பல்லையும் வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். நல்ல வெயில். பாட்டு டீச்சருக்கு அவர் பொருத்தம் பார்த்த மாதிரிக்குப் பக்கத்தில் அந்தப் பல்லை வைத்துப் பார்த்தாள். பல் ஒரு படி மங்கல். கீழே இறங்கி அறையில் புது விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் அதே ஒரு படி மங்கல். வெயில் சொன்னதைத்தான் விளக்கும் சொன்னது.

அப்படியானால் விளக்கு பொய் சொல்லவில்லை. அது தெரிந்ததும் அவளுக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. விளக்கில் கோளாறு என்றால் மாற்றிவிடலாம். கோளாறே இல்லாத விளக்கை எதைக்கொண்டு சரிசெய்வது?

"எதுக்கு வீணா மண்டையப் போட்டு உடைச்சுக்கறே?" என்றார் அண்ணன். "அவர் ரூமுக்கு மட்டும் பழைய டியூப்ப மாட்டிவுட்டுடு. அவரு வாய மூடிக்குவாரு, மேனேஜர் தலையாட்டிடுவாரு. ஒத்த டியூபு எவ்வளவு கரண்டு தின்னுடப்போகுது?"

"ஏன் ஆச்சுன்னு தெரியாம எப்படிண்ணே?"

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறே, பரிட்சையா எழுதப்போறே?"

[இங்கே அண்ணனைக் கொஞ்சம் வில்லனாக்கச் சொன்னார் பஸ்காரர். "கதைக்கு ஒருத்தனாவது வேணும்ல." முயன்று பார்த்தேன். அண்ணன் முழங்கால் வலியோடு ஏணியில் ஏறுவதைக் கண்ணால் பார்த்தபிறகு முடியவில்லை.]

6

ஏணி இல்லாவிட்டால் இந்தக் கதை முடிந்திருக்காது. இப்போதும் முடிந்ததா என்பது வேறு விஷயம்.

எதற்கும் இருக்கட்டும் என்று மீட்டர் அந்த அறை விளக்கைக் கழற்றி, அதே வகையில் இன்னொன்றை மாட்டச் சொன்னாள். அண்ணன் மேலே ஏறி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பல்லுக்காரர் மேசைவிளக்கை வைத்துக்கொண்டு வேலையை நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தார். புது விளக்கு எரிந்ததும் காத்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அண்ணன் முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க ஏணி உச்சியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் தங்கையைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். விளக்கு எரிந்தது.

"பாப்பா, அவரு பட்டையில மூணாவது பல்லைப் பாத்து 'இதான்'னாரு. கை நாலாவது டப்பாவுக்குப் போச்சு."

"தவறிப்போய் எடுத்திருப்பாரு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அடுத்து வந்தவருக்கு ரெண்டாவதுன்னாரு. கை மூணுக்குப் போச்சு. டப்பாவ அவரு பாக்கவே இல்ல. வீட்டுக்குள்ள நுழையறப்ப நீ சுவரைப் பாக்காமலே சுவிட்சு போடுவியே, அந்த மாதிரி."

இருவரும் அசையாமல் நின்றதால் படிக்கட்டு விளக்கு அணைந்துவிட்டது. மீட்டர் கையை வீசினாள். எரிந்தது. அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது.

பழைய டியூப்லைட்டுதான் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அதனடியில் பொருத்தமாகத் தெரிந்த பல், வெளியே வெயிலுக்குப் போனதும் ஒரு படி வெளுத்துத் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் பல்லுக்காரர் அதற்காக எவ்வளவோ திட்டு வாங்கியிருப்பார். வாங்கி வாங்கி, அவர் கை ஒரு டப்பா தள்ளி எடுக்கக் கற்றுக்கொண்டது. கை கற்றுக்கொண்டதும் தலை அதை மறந்துவிட்டது. அதன்பிறகு ஒரு பல்லும் திரும்பவில்லை. இப்போது விளக்கு உண்மையைச் சொல்கிறது. கை மட்டும் இன்னும் பழைய பொய்யைத் திருத்திக்கொண்டிருக்கிறது.

இதைக் கேட்ட அன்று நான் நாட்குறிப்பை எடுத்துப் பின்னோக்கிப் படித்தேன். எனக்கும் அப்படி ஒரு கை இருக்கிறது. நல்லபடியாகப் போன நாளைக்கூட ஒரு படி மங்கலாக்கி எழுதியிருக்கிறேன். வகுப்பில் சோகமாக எழுதினால்தான் தலையாட்டுகிறார்கள் என்று எப்போதோ ஒரு நாள் தோன்றியிருக்க வேண்டும். நண்பனோடு வயிறு வலிக்கச் சிரித்த ஒரு நாளுக்கு, "மாலையில் ஒரு வெறுமை" என்று எழுதியிருக்கிறேன். அன்று எந்த வெறுமையும் இல்லை. கை நாலாவது டப்பாவுக்குப் போயிருக்கிறது.

ஆகவே இந்தக் கதையை முடிக்கும்போது என் கைமேலும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

7

இப்போது மீட்டருக்கு இரண்டு வழி. வாயைத் திறக்காமல் பழைய டியூப்லைட்டை மாட்டிவிடலாம். அதனடியில் அந்தக் கை சரியான பல்லைத்தான் செய்யும். அல்லது அவரிடம் சொல்லலாம். சொன்னால் அவர் கொதிப்பார். கொதித்தவர் மேனேஜரிடம் போய் என்ன சொல்வார் என்று யாருக்குத் தெரியும்?

"டியூப்ப மாட்டிடலாம்," என்றார் அண்ணன்.

"அந்த டியூபு இன்னும் எத்தனை நாளைக்கு எரியும்? அது போனா அதே மாதிரி இன்னொண்ணு கடையில கிடைக்காது. வேற டியூபு வேற மாதிரி பொய் சொல்லும். அப்ப அவருக்கு என்ன ஏதுன்னே புரியாதுண்ணே."

"அப்ப நாம இங்க இருக்க மாட்டோம்ல."

"அதான்."

அண்ணன் ஏணியைத் தூக்கினார். "சரி, போய்ச் சொல்லு. நான் ஏணிய வாசல் பக்கமா வச்சுக்கறேன். அடிக்க வந்தா ஓடறதுக்கு."

அவள் சொன்னாள். நான் கற்பனை செய்திருந்த மாதிரி பக்குவமாகச் சொல்லவில்லை. உலைக்குப் பக்கத்தில் நின்று, கருவியைத் திருகிக்கொண்டே, தட்டுத்தடுமாறிச் சொன்னாள். பல்லுக்காரரின் முகம் சிவந்தது.

"என் கையவே குத்தம் சொல்றியா நீ?"

"குத்தம் இல்ல சார்."

"பின்ன?"

"அந்த டியூப்லைட்டுக்குக் கண்ணு சரியில்ல. இத்தனை வருஷமா உங்க கைதான் அதுக்குக் கண்ணாடி போட்டுவிட்டுக்கிட்டு இருந்திருக்கு. இப்ப வந்திருக்கற லைட்டுக்குக் கண்ணாடி வேணாம் சார்."

அவர் தன் கையைப் புரட்டிப் பார்த்தார். வேறு யாருடையதோ என்பதுபோல. பிறகு டப்பாக்களைப் பார்த்தார்.

"எங்க சித்தப்பாகிட்டதான் தொழில் கத்துக்கிட்டேன்," என்றார். "அவரும் இப்படித்தான் எடுப்பாரா என்னமோ. நான் கவனிச்சதே இல்ல."

"பழைய டியூபையும் வேணும்னா மாட்டித் தரேன் சார். தனி சுவிட்சோட. நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க."

"மாட்டு. நாளைக்கு அந்தப் பேனாக் கடிச்ச ஆளு வருது. அந்தப் பல்லுல தெரிஞ்சுடும். ஆனா நீயும் உங்க அண்ணனும் வாயத் தொறக்கக் கூடாது. மூச்சுவிடற சத்தம்கூடக் கேக்கக் கூடாது. இடையில யாராவது தொண்டையக் கனைச்சீங்க, அப்பவே மேனேஜர்கிட்ட பழசே போதும்னு சொல்லிடுவேன்."

8

கைவிட்ட முடிவுகள்:

மொத்தக் கட்டடமும் புது விளக்கில் ஜொலிக்க, மேனேஜர் மீட்டருக்குக் கை கொடுக்கிறார். (பஸ்காரர்: "விளம்பரத்துல போன் நம்பர் விட்டுப்போச்சு.")

நான் நாற்காலியில் உட்காரும் அந்த நொடியில் பழைய டியூப்லைட் தானாகவே அணைந்துபோகிறது. (அது நல்ல டியூப்லைட். நான் கேட்டேன் என்பதற்காக அணையாது.)

பல்லுக்காரர் பழைய டியூப்லைட்டே போதும் என்கிறார். மீட்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறாள். அவள் போகப் போக ஒவ்வொரு விளக்காக எரிந்து அணைகிறது. (இதை எழுதி முடித்ததும் எனக்கே பிடித்துப்போனது. அழகாக இருந்தது. உடனே என் கையைப் பார்த்தேன். நாலாவது டப்பா. கிழித்துவிட்டேன்.)

9

ஆகவே நடந்ததை மட்டும், நடந்தவரைக்கும்.

நடைக்கூடத்தில் அண்ணன் மிச்சத்தையும் சொல்லி முடித்தபிறகு நான் உள்ளே போனேன். எல்லோரும் இருந்தார்கள். அண்ணன் ஏணியில். மீட்டர் சுவரோரம், கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு. வாசலில் மேனேஜர், முடிவு கேட்க. சுவரில் இரண்டு சுவிட்சுகள்.

"உக்காருங்க," என்றார் பல்லுக்காரர். உதடுகளை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை என் வாயில் மாட்டினார். இரண்டு சுவிட்சுக்கும் முன்னால் போய் நின்றார். வெகுநேரம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு, யாரையும் பார்க்காமல், புதியதைப் போட்டார்.

மீட்டர் நிமிர்ந்தாள். ஆனால் அது பாதிதான் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பட்டையை என் வாயருகே பிடித்தார். முதலாவது. இரண்டாவது. மூன்றாவது வந்தபோது அவர் கண் சுருங்கி விரிந்தது. "இதான்," என்றார். பட்டையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தபடியே கையை மேசைப்பக்கம் நீட்டினார்.

கை நேராக நாலாவது டப்பாவுக்குப் போனது.

மூடிமேல் விரல்கள் பட்டன. அங்கேயே நின்றன. முதன்முறையாக அவர் தலையைத் திருப்பித் தன் கையைப் பார்த்தார். விரல்கள் மூடியிலிருந்து கொஞ்சம் எழும்பின. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில், காற்றில்.

அண்ணன் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். மீட்டர் வாக்குக் கொடுத்திருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மேனேஜருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் என் வாய் இரண்டு பக்கமும் இழுபட்டுத் திறந்திருந்தது. உள்ளே வார்த்தை நிறைய இருந்தது, ஒன்றும் வெளியே வராது.

அந்த அறையில் இப்போது வாயைத் திறக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்கு அவர் தடை எதுவும் போடவில்லை.

சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் போதும், கை பக்கத்தில்தான் இருக்கிறது.